கொழுப்பும் என்பும்

தமிழில் 'கொழுப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழக்கில் உள்ளன. ஒன்று, ஆட்டிறைச்சியில் வெண்மையாகப் படர்ந்திருப்பது. மற்றொன்று, பேசக்கூடாத இடத்தில் பேசிவிட்ட மாணவனிடம் இருப்பதாக ஆசிரியர்கள் கண்டறிவது. வகுப்பில் நாம் இச்சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு எழும். பழந்தமிழ் இதை நிணம் என்றும் விழுக்கு என்றும் சொன்னது. அங்கே அது விருந்தின் அடையாளம். ஊர் செழித்திருக்கிறது என்பதற்குச் சான்று. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. குருதிக்கே நெய்த்தோர் என்றொரு பெயர் இருந்தது.

சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களாகப் பகுக்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம். இங்கே மூளை என்பது தலைக்குள் இருப்பதன்று. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. ஒவ்வொரு தாதுவும் தனக்கு முந்தையதிலிருந்து விளைகிறது என்பது அக்கொள்கை. இந்தப் பட்டியலை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். அதன் கடைசி நான்கு சொற்களும் ஒரே மனிதரின் மருத்துவக் கோப்பில் அடுத்தடுத்து வந்து நின்றதைப் பிற்பாடு கண்டோம். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று நிறுவ வருகிறோமோ என்று வாசகர் அஞ்ச வேண்டாம். அவர்கள் வேறொன்றைப் பேசினார்கள், இன்றைய அறிவியல் வேறொன்றைப் பேசுகிறது. சொற்கள் மட்டும் ஒரே வரிசையில் அமைந்துவிட்டன. நினைவில் நிறுத்த உதவின.

இலக்கியம் பேசும் இடத்தில் புற்றுநோய் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஒரு நோய்க்கு வீட்டுமொழியில் பெயர் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பது மொழியாசிரியன் கவலைப்பட வேண்டிய செய்தி என்பதே நம் விடை.

*

சேலத்துக்கு வடபுறம், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. நம் பெரியப்பா அங்கே மானாவாரிக் காட்டில் கடலை போட்டவர். விளைந்ததில் ஒரு பங்கை வீட்டுக்கென்று ஆட்டி வைப்பார். அந்தக் கடலெண்ணெயின் மணம் அவருடைய சட்டையிலேயே இருக்கும். 2019இல், அவருடைய எழுபத்து நான்காம் வயதில், இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் வலி வந்தது. காட்டில் குனிந்து நிமிர்ந்தவருக்கு வராமலிருந்தால்தான் வியப்பு. மாதக்கணக்கில் எண்ணெய் தடவி நீவினார்கள். இரவில் நான்கைந்து முறை எழுந்து போவதைச் சர்க்கரை என்று முடிவு செய்துகொண்டு, வீட்டார் காப்பியில் சீனியைக் குறைத்தார்கள்.

வலி இறங்காததால் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் சில இடங்கள் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிந்தன. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு மிக உயர்ந்திருந்தது. ஊசியால் எடுத்த திசு சோதனைக்குப் போயிற்று. வந்தது புராஸ்டேட் புற்று; எலும்புக்குப் பரவிவிட்ட நிலை.

சோதனைத் தாளைக் குடும்பத்தில் 'படித்தவன்' என்ற முறையில் நம்மிடம் கொடுத்தார்கள். அதில் ஏ.எம்.ஏ.சி.ஆர். என்ற ஐந்தெழுத்து இருந்தது. சந்தேகத்துக்குரிய திசு புற்றுதானா என்று உறுதிப்படுத்த நோய்க்குறியியல் வல்லுநர்கள் சாயமேற்றிப் பார்க்கும் ஒரு நொதி அது. நமக்கு வியப்பளித்தது அதன் இயல்பான வேலைதான். கிளைத்த சங்கிலி கொண்ட சில கொழுப்பமிலங்களை உடல் எரிப்பதற்கு அது துணை செய்கிறது. அதாவது, அது ஒரு கொழுப்பு நொதி. புராஸ்டேட் புற்றில் அது மிகுதியாகச் சுரப்பதைக் காட்டி, நோயறிய இது உதவும் என்று 2002இல் வெளியான ஆய்வுக் கட்டுரைகளுள் ஒன்றில் அருள் சின்னையனின் பெயர் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் அவர், இந்நோயில் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் நிகழ்வை 2005இல் கண்டறிந்த குழுவின் தலைவர். கடலைக்காட்டுக்காரர் ஒருவரின் வீட்டுக்கு வந்த தாளில் கொழுப்பு இப்படித்தான் முதலில் நுழைந்தது.

*

புராஸ்டேட் சுரப்பியின் இயல்பான உயிரணு வினோதமானது. உடலின் மற்ற உயிரணுக்கள் சிட்ரேட் என்னும் பொருளை உருவாக்கி, அதை மேலும் உடைத்து ஆற்றலாக்கிக்கொள்கின்றன. புராஸ்டேட் உயிரணுவோ துத்தநாகத்தை ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. சிட்ரேட்டை உடைக்கும் நொதியை அந்தத் துத்தநாகம் தடுத்துவிடுகிறது. உடைபடாத சிட்ரேட் விந்துநீரில் கலந்து வெளியேறுகிறது. கைக்கு வந்த எரிபொருளைத் தான் உண்ணாமல் பிறர்க்கு ஈயும் உயிரணு என்று இதைச் சொல்லலாம்.

புற்றாக மாறும்போது முதலில் நிகழும் மாற்றங்களுள் ஒன்று, இந்தத் துத்தநாகம் குறைந்துபோவது. ஈகை நின்றுவிடுகிறது. சிட்ரேட்டின் ஒரு பகுதியை உயிரணு எரிக்கிறது. இன்னொரு பகுதியைக் கொண்டு கொழுப்பமிலங்களைக் கட்டுகிறது. பெருகும் உயிரணுவுக்குப் புதிய சவ்வு வேண்டும், சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். ஆகவே கொழுப்பைக் கட்டும் நொதிகள் இந்நோயில் மிகுந்து காணப்படுகின்றன. ஆண்மைச் சுரப்புநீர் அந்த உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. 

புற்றென்றால் சர்க்கரையை விழுங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சர்க்கரையை அடையாளமிட்டு எடுக்கும் பெட் ஸ்கேனின் அடிப்படையும் அதுதான். புராஸ்டேட் புற்று தொடக்க நிலையில் பெரும்பாலும் அந்தப் படத்தில் சரியாகப் பிடிபடுவதில்லை. அதனால் சவ்வுக் கொழுப்பின் கட்டுமானப் பொருளான கோலினை அடையாளமிட்டுத் தேடும் முறை ஒருகாலத்தில் வந்தது. இன்று உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடும் முறை அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது.

இந்தக் கொழுப்பை நேரில் பார்த்த கதையில் இன்னொரு தமிழர் வருகிறார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் அது. ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதைக் கொண்டு அப்பொருளின் மூலக்கூறை இனங்காணலாம். இந்த நெறியில் அமைந்த நுண்ணோக்கியால், சாயமே ஏற்றாமல் உயிரணுவுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளைக் காணமுடிகிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் நோயாளிகளின் புராஸ்டேட் திசுவை இவ்வாறு நோக்கி 2014இல் முடிவை வெளியிட்டனர். முற்றிய, பரவிய புற்றில் கொழுப்புத் துளிகள் திரண்டிருந்தன. அவற்றில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலின் சேமிப்பு வடிவம். பிடென் என்ற காவல் மரபணு இழக்கப்படுவதோடு இத்திரட்சி தொடர்புடையது என்றும், அந்தச் சேமிப்பைத் தடுத்தால் எலிகளில் கட்டியின் வளர்ச்சி தளர்கிறது என்றும் அவர்கள் காட்டினர்.

பரவுதலுக்கு வருவோம். பாஸ்டனில் பியர் பாவ்லோ பண்டோல்ஃபியின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு இப்பொருளில் அடிக்கடி பேசப்படுவது. பிடென் மட்டும் இழந்த எலிகளுக்குக் கட்டி வந்தது. ஆனால் பெரிதாகப் பரவவில்லை. அதனோடு பி.எம்.எல். என்ற மற்றொரு காவல் மரபணுவும் போனபோது கட்டி பரவியது. அந்தக் கட்டிகளில் கொழுப்பு உற்பத்தி கட்டவிழ்ந்து நடந்துகொண்டிருந்தது. கொழுப்பு உற்பத்தியை ஏவும் புரதத்தை மருந்தால் அடக்கியபோது பரவல் தணிந்தது. பிறகு, பரவாத வகை எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தனர். அவற்றிலும் பரவியது. ஆய்வக எலியின் வழக்கமான தீனி கொழுப்புக் குறைந்தது. மனிதர் தட்டில் இருப்பது வேறு.

கொழுப்பு அண்டை வீட்டிலிருந்தும் வருகிறது. புராஸ்டேட்டைச் சுற்றி இயல்பாகவே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. அங்குள்ள கொழுப்பணுக்கள் விடும் வேதிக்குறிப்பு புற்றணுக்களைத் தம்பக்கம் இழுக்கிறது என்றும், உடற்பருமன் கூடினால் அந்த இழுப்பும் கூடுகிறது என்றும் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். வெளியே வந்த அணுக்கள் முதுகெலும்பை அடைய ஒரு வழியும் உண்டு. இடுப்புக்குழியிலிருந்து முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் சிரைகளில் அடைப்பிதழ்கள் இல்லை என்பதையும், அவ்வழியே இந்நோய் பயணப்படலாம் என்பதையும் ஆஸ்கர் பேட்சன் 1940இல் விளக்கினார்.

வழி இருப்பதால் மட்டும் பயிர் முளைத்துவிடுமா? 1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில மருத்துவர் புற்றின் பரவலை விதையோடும் மண்ணோடும் ஒப்பிட்டார். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். காடு உழுதவரிடம் இதை விளக்க வேண்டியதில்லை. மண் இங்கே எலும்பு மஜ்ஜை. வயது ஏற ஏற மஜ்ஜையில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. அங்கே வந்து தங்கிய புற்றணுக்கள் மஜ்ஜையின் கொழுப்பணுக்களிடமிருந்து கொழுப்பமிலங்களை வாங்கிக்கொள்வதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். வேரூன்றிய பின் இந்நோய் பெரும்பாலும் எலும்பை அரிப்பதைவிட அதிகமாகத் தாறுமாறாகக் கட்டுகிறது. பெரியப்பாவின் படத்தில் வெளுத்துத் தெரிந்த இடங்கள் அவ்வாறு கட்டப்பட்டவை. கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம்: பட்டியலின் கடைசி நான்கும் வந்துவிட்டன.

*

நோய் உறுதியான அந்த வாரத்திலேயே வீட்டில் எண்ணெய் நிறுத்தப்பட்டது. மருத்துவர் சொல்லவில்லை. பெரியண்ணனின் கைப்பேசிக்கு யாரோ அனுப்பிய செய்தி சொல்லிற்று. கொழுப்புதான் இந்த நோயைப் பரப்புகிறதாம்; ஆகவே தாளிப்புக் கிடையாது, கடலை கிடையாது, முட்டை கிடையாது. சேலத்துக்காரருக்குத் தட்டுவடை இல்லாத மாலையும் விதிக்கப்பட்டது. பெரியம்மா எண்ணெய்த் தூக்கை எடுத்து மேல் அலமாரியில் வைத்தார்.

பெரியப்பா இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "எங்காட்டுக் கடலக்கா. நான் ஆட்டுன எண்ணெயி. அதுவா என்னையக் கொல்லப் போவுது?"

அறிவியலின் பக்கம் நின்று பார்த்தால், அவருடைய கேள்வி நியாயமானது. புற்றணு தனக்கு வேண்டிய கொழுப்பின் பெரும்பகுதியைத் தானே சமைத்துக்கொள்கிறது. அதற்கு மூலப்பொருள் எண்ணெயாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, மாவுப்பொருளே போதும். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுத்து நாடெங்கும் அனுப்பும் மாவட்டம் நம்முடையது. கிழங்கின் மாவு சர்க்கரையாகி, சர்க்கரை சிட்ரேட்டாகி, சிட்ரேட் கொழுப்பாகும் வழி உடலில் திறந்தே இருக்கிறது. தாளிப்பை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் வெறுஞ்சோறு போட்டால் அந்த வழி அடைபடாது.

எலியின் தீனிக்கும் மனிதனின் தட்டுக்கும் இடையே உள்ள தூரமும் கருதத்தக்கது. தொடக்க நிலைப் புராஸ்டேட் புற்றோடு கண்காணிப்பில் இருந்த 478 ஆண்களைக் கொண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2020இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் காய்கறிகளை மிகுதியாக உண்ணப் பயிற்சி தந்தனர். அவர்கள் உண்ணவும் செய்தனர். இரண்டு ஆண்டுகளில் நோயின் முன்னேற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அண்மையில், மீனெண்ணெய் வகைக் கொழுப்பைக் கூட்டி, பொரித்தெடுக்கும் எண்ணெய் வகைகளைக் குறைத்த நூறு பேர் சோதனை ஒன்றில், ஓராண்டில் அணுப்பெருக்கத்தின் அடையாளம் தணிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அதுவும் தொடக்க நிலையினரிடம் நடந்தது. பரவலையோ ஆயுளையோ அளந்ததன்று. கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகள் இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கின்றன. எலும்புக்குப் போய்விட்ட நோயைத் தாளிப்புக் கரண்டியால் தடுக்கலாம் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

வேறொரு முரணும் உண்டு. ஆண்மைச் சுரப்பை நிறுத்தினால் இந்நோய் அடங்கும் என்று 1941இல் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசியாலோ, விதைகளை நீக்கும் அறுவையாலோ இன்றும் மருத்துவம் அங்கேதான் தொடங்குகிறது. நாள்பட்டபின் புற்று அதையும் மீறப் பார்க்கிறது. ஆண்மைச் சுரப்புநீருக்கே மூலப்பொருள் கொலஸ்ட்ரால்தான். அட்ரினல் சுரப்பி தரும் முன்பொருள்களிலிருந்தும் கொலஸ்ட்ராலிலிருந்தும் கட்டி தனக்கு வேண்டியதைத் தானே வடித்துக்கொள்கிறது. அந்த வடிப்பைத் தடுக்கும் அபிராடெரோன் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது.

பெரியப்பா அறுவையைத் தேர்ந்தார். ஊசிக்கு மாதம் தவறாமல் பணம் புரட்ட வேண்டும், இது ஒருமுறையோடு முடியும் என்று கணக்குப் போட்டார். நம் நாட்டில் பலர் போடும் கணக்கு அது. அதற்குப் பின் அவர் ஊர்ச் சாவடிக்குப் போவது குறைந்தது. ஏன் என்று எவரும் கேட்கவில்லை. சில மாதங்களில் முதுகுவலி வெகுவாக இறங்கியது. ஆனால் வயிறு முன்னே தள்ளியது, தோளும் தொடையும் வற்றின. எண்ணெயே இல்லாத சமையலில் எப்படித் தொப்பை விழுகிறது என்று வீட்டில் திகைத்தார்கள். திருட்டுத்தனமாகக் கடலை தின்கிறார் என்ற ஐயமும் எழுந்தது. ஆண்மைச் சுரப்பு நின்றால் தசை குறைந்து உடற்கொழுப்பு கூடும், எலும்பும் மெலியும் என்பது மருத்துவத்தில் நன்கறிந்த பக்கவிளைவு. குற்றம் சிகிச்சையினுடையது, பழி மட்டும் கிழவர்மேல்.

அடுத்த முறை பெரியம்மா தாமே மருத்துவரிடம் கேட்டார். "எண்ணெயி, முட்டை எல்லாம் ஆவாதுங்களா?" அந்த மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. "அளவா ஊத்துங்கம்மா. முட்டை, பருப்பு கட்டாயம் குடுங்க, இல்லேன்னா சதை வத்திரும். தொப்பை போடாம இருக்கக் காலைல, சாயங்காலம் நடக்கச் சொல்லுங்க. ருசியாச் சாப்பிடட்டும்." வீடு திரும்பியதும் மேல் அலமாரியிலிருந்து தூக்கு கீழே இறங்கிற்று.

அதற்குப்பின் அவர் இரண்டரை ஆண்டுக்குமேல் இருந்தார். காலையில் மலையடிவாரம் பார்த்து நடப்பார். 2022இல் நோய் மருந்தை மீறியபோது, அதிக நாள் படுக்கவிடாமல் போய்விட்டது. கடைசி வரை அந்த எண்ணெயில்தான் அவருக்குச் சமைத்தார்கள்.

*

அவர் வாழ்ந்த காலத்தை நினைக்கும்போது ஒன்று தெளிவாகிறது. உணவைப் பற்றி அந்த வீட்டில் செலவான சொற்களில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு ஐந்தாண்டுக்கு முன்னால் சிறுநீரைப் பற்றிச் செலவாகியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். கருப்பையைப் பற்றிப் பெண்கள் தமக்குள்ளேனும் பேசிக்கொள்கிறார்கள். இந்தச் சுரப்பிக்கு ஆண்களிடம் பெயரே இல்லை. இலங்கைத் தமிழர் முன்னிற்கும் சுரப்பி என்கின்றனர். இங்கே சில மருத்துவ நூல்கள் சுக்கியன் சுரப்பி என்கின்றன. இரண்டும் கொண்டப்பநாயக்கன்பட்டித் தேநீர்க்கடையில் செல்லுபடியாகா. ஆங்கிலச் சொல்லே எளிது என்றால் அதையே சொல்வோம். புராஸ்டேட் என்று ஒருவர் தம் மகனிடம் உரக்கச் சொல்லிவிட்டால் போதும்.

சொல்ல வேண்டியவையும் சிலவே. இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. முதுமையில் சிறுநீர்த் தொல்லை வருவதற்குப் பெரும்பாலும் சாதாரண வீக்கமே காரணம். அந்த வீக்கமும் பி.எஸ்.ஏ. அளவை உயர்த்தும் என்பதால், எண்ணைப் பார்த்ததும் நடுங்க வேண்டியதில்லை. எண்ணைப் பாராமலே ஆறுதல் கொள்ளவும் கூடாது. ஐம்பது வயதில் ஒருமுறை மருத்துவரோடு இதைப் பேசிவிடுவது நன்று. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. அவர்கள் நாற்பத்தைந்திலேயே பேச வேண்டும். உடற்பருமன் உள்ளவர்களிடம் இந்நோய் முற்றிய நிலையில் அமைவது கூடுதல். ஆகவே உடல் எடையைக் காப்பதும் நடப்பதும் நோய் வருமுன்னரே செய்யத்தக்கவை. நோய் வந்தபின் கிழவரின் குழம்பிலிருந்து எண்ணெயைப் பறிப்பது அதற்கு ஈடாகாது.

பெரியப்பாவின் மகன்கள் இருவர். பெரியண்ணனுக்கு ஐம்பத்திரண்டு, சின்னவருக்கு நாற்பத்தேழு. கருமாதி முடிந்த மறுமாதம் பெரியண்ணன் சோதனைக்குப் போய்வந்தார். சின்னவர் இரண்டு ஆண்டுகளாக "போறேன், போறேன்" என்கிறார். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அவரைச் சந்தித்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அண்ணியும் இப்போது உடன் சேர்ந்து கேட்கிறார். பிள்ளைகள் காதிலும் விழுகிறது. வரும் சனிக்கிழமை கட்டாயம் போவதாகச் சொல்லியிருக்கிறார்.